ஒட்டிய இடத்தோடு படிக்க வேண்டிய உயிரி: பிரையோசோவா ஆய்வுக்கு முழுமையான வழிகாட்டி

கரையில் கிடக்கும் பழைய சிப்பி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் வெள்ளைச் சரிகைத் துணுக்கு ஒட்டியதுபோல மெல்லிய படலம் இருந்தால், ஒன்றை உடனே சொல்லிவிடலாம்: அந்தச் சிப்பி செத்து ஓடு திறந்த பிறகுதான் அது அங்கே குடியேறியிருக்கிறது. உயிருள்ள சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தில் யாருக்கும் இடம் கொடுப்பதில்லை. பெயர் தெரியாத ஓர் உயிரியைப் பற்றி இவ்வளவு தெரிந்தது, அது ஒட்டியிருந்த இடத்தை வைத்துத்தான். படலத்தைச் சுரண்டிக் குப்பியில் போட்டிருந்தால் இந்தச் செய்தி போயிருக்கும்.

பிரையோசோவா ஆய்வில் திருத்த முடியாத பிழைகள் பெரும்பாலும் நுண்ணோக்கிக்கு முன்னால் நடப்பதில்லை, சேகரிக்கும்போதே நடந்துவிடுகின்றன. உயிருள்ளதோ புதைபடிவமோ, ஒட்டிய பொருளோடு சேர்த்து எடுப்பது முதல் விதி. கீழே வரும் முறைகளில் பாதி, அந்த விதியை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றியவைதான்.

எதைத் தேடுகிறோம்

பிரையோசோவாவைத் தமிழில் பாசி விலங்கு என்பார்கள். பார்க்கப் பாசி, உள்ளே விலங்கு. ஒவ்வொரு காலனியும் ஜூயிட் எனப்படும் நுண்ணிய உறுப்பினர்களால் ஆனது. ஒரு ஜூயிட் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர், அதாவது ஒரு ரவைத் துணுக்கின் அளவு. அதற்குள் உணர்கொம்பு வளையம், வளைந்த குடல், வளையத்தை உள்ளிழுக்கும் தசை எல்லாம் அடங்கியிருக்கும். உயிருள்ள இனங்கள் 6,000-க்கும் மேல். புதைபடிவமாகப் பெயரிடப்பட்டவை அதைப்போல இரு மடங்குக்கும் மேல். ஆர்டோவிசியன் எனும் மிகப் பழைய நிலவியல் காலம் தொட்டுப் பதிவு தொடர்கிறது.

கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. நன்னீரில் கிடைத்ததா? உணர்கொம்பு வளையம் குதிரை லாடம்போல வளைந்திருக்கிறதா? அப்படியானால் ஃபைலாக்டோலெமேட்டா. கடல்நீரில் கிடைத்து, சுண்ணாம்பே இல்லாமல் நூலாகவோ கூழாகவோ இருந்தால் டீனோஸ்டோம். சுண்ணாம்புக் குழாயும், நுனியில் மூடியற்ற வட்ட வாயும் இருந்தால் சைக்ளோஸ்டோம். சுண்ணாம்புப் பெட்டி, அதன் வாய்க்குக் கதவுபோல ஒரு மூடி என்றால் கைலோஸ்டோம். இன்றைய கடல்களில் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் கடைசி வகைதான். இந்த வாய்ப்பாட்டுக்கு ஒரு விலக்கு உண்டு: நன்னீர் என்றாலே ஃபைலாக்டோலெமேட்டா என்று எழுதிவிடக் கூடாது. நாக்பூரிலிருந்து 1858-இல் விவரிக்கப்பட்ட ஹிஸ்லோப்பியா நன்னீரில் வாழும் டீனோஸ்டோம். அதன் வளையம் வட்டமானது.

எதோடு குழம்பும்? ஹைட்ராய்டு (பவளத்தின் உறவான, செடிபோன்ற கடல் விலங்கு), சுண்ணாம்புப் பாசி, கிளைத்த பவளம் ஆகியவற்றோடு. உயிருள்ளதானால் ஒரு முடியால் தொட்டுப் பாருங்கள்: பிரையோசோவாவின் வளையம் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும், ஹைட்ராய்டு மெல்லச் சுருங்கும். புதைபடிவமானால் துளைகளின் உள்ளே பாருங்கள்: பவளத்தில் ஆரம்போலச் சுவர்கள் நிற்கும், பிரையோசோவாவில் இருக்காது. துளையின் அகலமும் பவளத்தைவிடச் சிறியது, பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ.

கருவிகள்

10 மடங்கு கைலென்ஸ், 10 முதல் 40 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, கண்வில்லை அளவுகோல், கூர்மையான இடுக்கி, 000 எண் தூரிகை, 0.5 மி.மீ. சல்லடை. தொடங்க இவை போதும். விளக்கு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுண்ணோக்கியோடு வரும் வளைய விளக்கு நாலாபுறமும் ஒரேமாதிரி ஒளி வீசி, மேடு பள்ளம் அத்தனையையும் தட்டையாக்கிவிடும். வளையும் கழுத்துள்ள ஒற்றை எல்.இ.டி. விளக்கை, மேடையிலிருந்து ஏறக்குறைய 20 டிகிரிச் சாய்வில், படத்தின் மேல் இடது மூலையிலிருந்து அடியுங்கள். வாயின் விளிம்பில் உள்ள சிறு பற்கள்கூட நிழலோடு எழுந்து நிற்கும்.

கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் தனித்தனியே மேடை மைக்ரோமீட்டரால் சரிபார்த்து, எண்களை எழுதி நுண்ணோக்கியிலேயே ஒட்டிவையுங்கள். ஜூம் திருகு நடுவில் எங்கோ நிற்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது.

சேகரிப்பு

மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். இங்கே பிரையோசோவா ஆய்வுக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு: இலங்கை முத்துக்குளிப்புப் படுகைகளில் கடலுயிரியலாளர் ஹெர்ட்மனின் குழு சேகரித்தவற்றை லாரா ராஸ்கோ தோர்ன்லி ஆராய்ந்து 1905-இல் அறிக்கை எழுதினார். முத்துச்சிப்பி ஓடு பிரையோசோவாவுக்கு வாகான வீடு.

விசைப்படகின் மடியில், அதாவது இழுவலையில், மீனோடு ஏறி வரும் ஓடு, கல், கடற்பஞ்சு எல்லாம் மீனவருக்குக் குப்பை. நமக்கு அதுதான் சரக்கு. இறங்குதளத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் இழுத்த இடம், ஆழம், நேரம் மூன்றையும் படகோட்டியிடம் அப்போதே கேட்டு எழுதுங்கள். ஒரு மடி பல கிலோமீட்டர் இழுபடும். எனவே அந்த மாதிரி ஒரு புள்ளிக்கு உரியதன்று, ஒரு கோட்டுக்கு உரியது; குறிப்பேட்டில் தொடக்கமும் முடிவும் இரண்டும் வேண்டும்.

படுகையை அளவோடு எடுக்க 0.1 சதுர மீட்டர் வான் வீன் கவ்வி (இரு தாடைகளால் படுகையை அள்ளும் கருவி) பழக்கமானது. மணலிலும் சேற்றிலும் நன்றாக வேலை செய்யும். பிரையோசோவா விரும்பும் ஓட்டுக் குவியலிலோ காலை வாரும்: ஓர் ஓடு தாடைகளுக்கிடையில் சிக்கினால் வாய் மூடாது, மேலே வருவதற்குள் நுண்ணியவை கழுவிப்போகும். வாய் முழுக்க மூடாமல் வந்த கவ்வியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், திரும்ப இறக்குங்கள். மூன்று முறையும் தவறினால் அந்த இடத்துக்குச் செவ்வகத் தூர்வாரியைப் பயன்படுத்தி, தரவை ‘உண்டு–இல்லை’ வகையாக மட்டும் வையுங்கள்.

படகு இல்லாதவர்களுக்குப் பலகை முறை நல்லது. 15-க்கு 15 செ.மீ. பி.வி.சி. தகட்டை 80 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஆய்வு முகம் கீழ்நோக்க, நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே மிதவையில் கட்டுங்கள். மேல்முகத்தில் வண்டலும் பாசியும் குவிந்து இளம் காலனிகளை மூடிவிடும், கீழ்முகம் தப்பிக்கும். இரண்டு மூன்று மாதம் போதும். புகுலா நெரிட்டினாவும் அமாத்தியா வெர்ட்டிசில்லாட்டாவும் துறைமுகங்களின் வழக்கமான விருந்தாளிகள். முன்னது காவி நிறப் புதர், பின்னது ஊறிப்போன சேமியா. கழிமுகத்தை ஒட்டிய இடமானால் வடகிழக்குப் பருவமழையில் உப்பளவு சரிந்து பல காலனிகள் செத்துப்போகும். அக்டோபரில் போட்டு டிசம்பரில் எடுத்த பலகை வெறுமையாக இருந்தால், குடியேற்றமே நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். செத்த கூடுகளின் தடத்தைத் தேடுங்கள்.

அனுமதி பற்றி: 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் சுற்றி எதை எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டின் அடியில் எவ்வளவு அழகான காலனி இருந்தாலும், படம் எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

கையுறை போடுங்கள். வட கடலின் டாகர் பேங்க் மீனவர்களுக்கு வந்த தோல் அரிப்பு நோய்க்குக் காரணம் அல்சியோனிடியம் டயாஃபனம் என்ற கூழ்போன்ற பிரையோசோவாதான்.

உயிரோடு பார்ப்பது

வடிகட்டிய கடல்நீர் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் காலனியை ஒட்டிய பொருளோடு வைத்து, மங்கிய வெளிச்சத்தில் அசைக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். வளையங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். உணர்கொம்புகளை எண்ணுங்கள், வளையத்தின் விட்டத்தை அளவெடுங்கள். இனத்தைப் பிரிக்க இவை உதவும், பதப்படுத்தியபின் கிடைக்காது. விளக்கு நீரைச் சூடாக்கும். வெப்பமானியைக் கிண்ணத்திலேயே வைத்து, 2 டிகிரி ஏறியதும் நீரை மாற்றுங்கள்.

வளையமே வராத ஜூயிட்டுகளின் உள்ளே பழுப்பு உருண்டை தெரிந்தால் காலனி செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஜூயிட்டின் குடலும் வளையமும் அவ்வப்போது சிதைந்து அந்த உருண்டையாகச் சுருங்கும். அதே கூட்டுக்குள் புதிய குடலும் வளையமும் முளைக்கும். சிறைக்குள் கைதி மாறுவதுபோல. ‘உயிருள்ள ஜூயிட் விகிதம்’ கணக்கிடும்போது பழுப்பு உருண்டை உள்ளவற்றை அட்டவணையில் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

தளர்த்துதல், பதப்படுத்துதல்

உயிருள்ள காலனியை நேரே ஆல்கஹாலில் போட்டால் எல்லா வளையங்களும் உள்ளே ஒடுங்கிவிடும். உடலமைப்பு வேண்டுமானால் முதலில் தளர்த்துங்கள். ஒரு லிட்டர் நன்னீரில் 75 கிராம் மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டைக் கரைத்து, அதைக் கிண்ணத்துக் கடல்நீரில் சம அளவு வரும்வரை 20 நிமிடத்துக்கு மேலாகச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் ஒடுங்கிய வளையம் திரும்ப வராது. முடியால் தொட்டும் அசையாத நிலை வந்ததும் பதப்படுத்தலாம்.

ஒவ்வொரு காலனியிலிருந்தும் மூன்று பங்கு வைப்பது நல்ல வழக்கம்: டி.என்.ஏ.வுக்கு 95 சதவீத எத்தனாலில் சிறு துண்டு, உடலமைப்புக்கு 70 சதவீத எத்தனாலில் ஒரு துண்டு, கூட்டைப் படிக்க உலர்ந்த துண்டு. ஃபார்மலினைத் தவிர்க்க முடியாதென்றால், போராக்ஸ் சேர்த்து நடுநிலையாக்கி, ஒருநாளுக்குமேல் வைக்காமல் எத்தனாலுக்கு மாற்றுங்கள். நடுநிலையாக்காத ஃபார்மலின் அமிலமாகிச் சுண்ணாம்பைத் தின்னும். சில மாதங்களில் குப்பியின் அடியில் மாவுதான் மிஞ்சும். டி.என்.ஏ. துண்டைக் கழுவி, மேலே ஒட்டிய பிற உயிரிகளை நுண்ணோக்கியின் கீழ் நீக்கியபின் போடுங்கள். இல்லாவிட்டால் வரிசை வேறெதையோ சொல்லும்.

வெளுத்தல்

கைலோஸ்டோமை இனம் வரை கொண்டுபோக மேலே மூடிய சவ்வு நீங்க வேண்டும். கடையில் கிடைக்கும் 4–5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் சம அளவு நீர் கலந்து, துண்டை அமிழ்த்துங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மெல்லிய படலத்துக்கு அரைமணி, தடித்த காலனிக்குச் சில மணி நேரம் ஆகலாம். குமிழி எழுவது நின்று கூடு பளிச்சென்று வெளுத்ததும் எடுத்து, வடிநீரில் ஐந்தாறு முறை, முறைக்குப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். நன்றாகக் கழுவியபின், விரைவாக உலர எத்தனாலில் ஒருமுறை முக்கிக் காற்றில் விடுங்கள். கழுவாமல் எத்தனாலில் போடக் கூடாது. வெளுப்புத் திரவத்தோடு அமிலத்தைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

எங்கே கெடும்? முதலாவது, கழுவல் குறைந்தால் உப்புப் படிகங்கள் கூட்டின் துளைகளை அடைக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சின்னச் சதுரக் கட்டிகளாகத் தெரிவது அதுதான். இரண்டாவது, மூட்டுள்ள இனங்கள். கிரிசியா, செல்லாரியா போன்றவற்றின் கணுக்கள் சுண்ணாம்பற்ற மூட்டால் இணைந்தவை; வெளுத்தால் காலனி கழன்ற மணிமாலையாகிவிடும். முழு உருவத்தைப் படமெடுத்து, ஒரு பங்கை ஆல்கஹாலில் வைத்த பிறகே வெளுக்கவும். மூன்றாவது, வாய்மூடியும் அவிக்குலேரியம் எனும் பறவை அலகு போன்ற உறுப்பின் தாடையும் கைட்டினால் ஆனவை, வெளுப்பில் கரைந்துபோகும். அவற்றின் வடிவமும் அடையாளம்தான். வெளுக்குமுன் சிலவற்றைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிவையுங்கள். டீனோஸ்டோமை வெளுக்கக் கேட்பவர்களும் உண்டு. அதற்குக் கூடே கிடையாது. வெளுத்தால் வெறும் நீர்தான் மிஞ்சும்.

வெளுத்த கூடு பனிவெள்ளையாக இருப்பதால் ஒளி நுண்ணோக்கியில் விவரம் தெரியாது. நீர்த்த பேனா மையைத் தூரிகையால் ஒரு சொட்டு விட்டால் துளைகளிலும் தையல்களிலும் இறங்கி உருவம் எழும். இதற்குச் செலவில்லை, கழுவினால் போய்விடும்.

பெயர் வரை போவது

கைலோஸ்டோமில் இந்த வரிசையில் பாருங்கள்: முன்முகம் திறந்த சவ்வா, சுண்ணாம்புக் கேடயமா, கேடயத்தில் துளைகள் எங்கும் உண்டா, ஓரத்தில் மட்டுமா, வாயின் வடிவம், அதன் கீழ்விளிம்பில் பல்லா பள்ளமா, முட்கள் எத்தனை, அவிக்குலேரியம் எங்கே, எப்பக்கம் நோக்குகிறது, ஓவிசெல் எனும் முட்டைக் குமிழ் உண்டா, கடைசியாக, காலனியைத் தொடங்கிய ஆன்செஸ்ட்ருலா எனும் முதல் ஜூயிட்டின் அமைப்பு. ஒற்றை ஜூயிட்டைப் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது. வாயின் முட்கள் இளம் ஜூயிட்டில் இருந்து, முட்டைக் குமிழ் வந்தபின் மறைந்துவிடும். கேடயமும் வயதாக ஆகத் தடித்துத் துளைகளை மூடும். வளரும் விளிம்பிலிருந்து மையம் நோக்கி வரிசையாகப் படமெடுத்தால், ஒரே ஜூயிட்டின் முழு வாழ்நாளையும் பார்த்த மாதிரி.

சைக்ளோஸ்டோமுக்கு வேறு கதை. குழாய்களின் வடிவம் இனத்துக்கினம் அதிகம் மாறாது. கோனோஜூயிட் எனும் பெருத்த அடைகாப்பு அறையும், அதன் வெளிவாய் எங்கே திறக்கிறது என்பதும் கிடைத்தால்தான் பெயர் உறுதியாகும். அது இல்லாத துண்டுக்குப் பேரினப் பெயரைக்கூடக் கேள்விக்குறியோடு எழுதுவதே நேர்மை. பட்டியல் நீளமாக இருக்க வேண்டுமென்ற ஆசையில் எழுதிய பெயர்கள் பின்னால் வருபவர்களை வருடக்கணக்கில் அலைக்கழிக்கும்.

பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். வங்காளத்தின் போர்ட் கேனிங் உவர்நீரிலிருந்து புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா 1869-இல் மெம்ப்ரானிப்போரா பெங்காலென்சிஸ் என்று விவரித்தது பின்பு எலெக்ட்ராவில் வைக்கப்பட்டு, இன்று ஆர்போபெர்க்குலாவில் இருக்கிறது. உலகக் கடலுயிரிப் பதிவேட்டில் இன்றைய பெயரைச் சரிபாருங்கள். எந்த நூலின் விவரிப்போடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில்

ஸ்டோலிச்கா இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் பாறைகளின் பிரையோசோவாவை ‘சிலியோப்போடா’ என்ற தலைப்பில் 1872-இல் வெளியிட்டார். பிரையோசோவாவை அவர் அந்தப் பெயரால்தான் குறித்தார். அரியலூர் வட்டாரத்தில் இன்று தேடத் தொடங்க நல்ல இடம் கல்லங்குறிச்சி அடுக்கு: கிரெட்டேசியஸின் கடைசிப் பகுதியான மாஸ்ட்ரிக்டியன் காலத்தது, கிரைஃபியா ஆளிகளும் (ஆளி என்பது சிப்பி வகை) இனோசெராமஸ் எனும் அழிந்துபோன சிப்பியின் ஓடுகளும் மலிந்தது. சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் இதுதான். செயல்படும் சுரங்கத்துக்குள் அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் போகாதீர்கள். வெடிவைக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளி ஓட்டை உளியால் கல்லிலிருந்து எடுக்குமுன், அது படுகையில் எப்படிக் கிடக்கிறது என்று படமெடுத்து, மேல்நோக்கிய முகத்தில் பென்சிலால் அம்புக்குறி இடுங்கள். வீட்டுக்கு வந்தபின் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. குவிந்த வெளிமுகத்தில் காலனி, உட்புறத்தில் காலனி, உடைந்த விளிம்பின்மேல் படர்ந்த காலனி: மூன்றும் மூன்று வேறு வரலாறு. கடைசி வகையில் ஓடு உடைந்த பிறகுதான் குடியேற்றம்.

ஆளியின் ஒட்டுப் பரப்பையும் விடாதீர்கள். ஆளி வளரும்போது வழியில் இருந்த மென்மையான உடலுள்ள உயிரிகளின்மேல் அப்படியே ஏறி ஒட்டும். அவற்றின் அச்சு ஓட்டின் அடிப்பக்கத்தில் பதியும். கூடே இல்லாத டீனோஸ்டோம்கள் புதைபடிவமாகத் தப்பிய வழிகளுள் இது ஒன்று. சாய்வொளியில் மட்டுமே கண்ணுக்குப் படும்.

களிமண் கலந்த மாதிரியைச் சுத்தம் செய்ய: 60 டிகிரியில் முழுக்க உலர்த்தி, சூடு ஆறுமுன் வெந்நீரில் போடுங்கள். உலர்ந்த களிமண் நீரை வேகமாக உறிஞ்சி உதிரும். அரைகுறையாக உலர்ந்திருந்தால் உதிராது, சேறாகும். உதிராததற்கு நீரில் சிறிது சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்ஃபேட் சேர்த்து ஓரிரவு ஊறவைக்கலாம். 0.5, 0.25 மி.மீ. சல்லடைகளில் மெல்லிய நீரோட்டத்தில் கழுவி, உலர்த்தி, ஈரத் தூரிகையால் பொறுக்குங்கள். கெட்டிப்பட்ட மண்கல்லுக்குச் சோடியம் சல்ஃபேட்டின் செறிந்த சூடான கரைசலில் ஊறவைத்துக் குளிர்வித்து, மீண்டும் சூடாக்குவது ஒரு வழி. வளரும் படிகம் கல்லை உள்ளிருந்து பிளக்கும். மீயொலித் தொட்டியில் ஒருமுறைக்கு 10–20 விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், நடுநடுவே பாருங்கள். அமிலம் வேண்டவே வேண்டாம். கல்லும் கால்சைட் எனும் சுண்ணாம்புக் கனிமம், காலனியும் கால்சைட். இரண்டும் சேர்ந்தே கரையும்.

கைலோஸ்டோம்களில் சிலவற்றின் கூடு சுண்ணாம்பின் இன்னொரு படிக வடிவமான அரகோனைட், அல்லது கால்சைட்டும் அதுவும் கலந்தது. காலப்போக்கில் அரகோனைட் கரைந்துபோவதால் பழைய பாறையில் அவை குறைவாகத் தெரியும். ஒரு குழு அடுக்கில் இல்லை என்று எழுதுமுன், அந்த அடுக்கில் அரகோனைட் ஓடுள்ள நத்தைகள் ஓட்டோடு இருக்கின்றனவா, அச்சாக மட்டுமா என்று பாருங்கள். அச்சு மட்டும் என்றால் உங்கள் பட்டியலும் அரித்த பட்டியல்தான்.

இமயமலையின் பழம்பாறைகளுக்குப் போனால் கருவி மாறும். ஸ்பிட்டியின் ஆர்டோவிசியன், சைலூரியன் அடுக்குகளில் கிடைக்கும், அழிந்துபோன பிரையோசோவா வகையான ட்ரெப்போஸ்டோம்களுக்கு வெளிமுகம் போதாது. மூன்று திசைகளில் மெல்லிய வெட்டுத் தகடு வேண்டும்: மேற்பரப்புக்கு இணையாக, கிளையின் நீளவாக்கில், குறுக்காக. தகட்டின் தடிமன் 30 மைக்ரான். மேற்பரப்பு வெட்டு ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் குழாய்ச் சுவரிலுள்ள முள்தண்டுகளின் எண்ணிக்கை மாறிவிடும். தகடு செய்ய வசதியில்லையென்றால் 1000 எண் தூளால் மெருகேற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5–10 விநாடி காட்டி, கழுவி உலர்த்தி, அசிட்டோன் ஊற்றி, அசிட்டேட் தாளை ஒரு முனையிலிருந்து சாய்த்துப் படியவிடுங்கள். நேராக அழுத்தினால் காற்றுக் குமிழி சிக்கும். அரைமணி கழித்து உரித்தால் அச்சு கிடைக்கும். காஷ்மீரில் ஓர் அடுக்குக்கே பெயர் தந்த ஃபெனஸ்டெல்லா போன்ற வலைவடிவங்களுக்கு, 10 மி.மீ.க்கு எத்தனை கிளை, எத்தனை சாளரம், 5 மி.மீ.க்கு எத்தனை வாய் என்ற எண்ணிக்கை முதல் அடையாளம்.

அளவிலிருந்து வெப்பநிலை

குளிர்ந்த நீரில் ஜூயிட் பெரிதாக வளரும், வெம்மையில் சிறிதாக. ஆண்டு முழுக்க வளரும் காலனியில் அளவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது, நீரின் வெப்பநிலை ஆண்டில் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதைக் காட்டும். ஓடியா, ஒகமுரா என்ற ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இதைக் கணக்காக்கினார்கள். குறைந்தது 5 காலனி, காலனிக்கு 20 ஜூயிட். ஒவ்வொன்றின் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் முன்முகப் பரப்பு. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு. காலனிகளின் கெழுக்களைச் சராசரியாக்கி 0.745-ஆல் பெருக்கி 3-ஐக் கழித்தால் ஆண்டு வெப்பநிலை வீச்சு. எடுத்துக்காட்டாக, சராசரி 0.120 சதுர மி.மீ., விலக்கம் 0.018 என்றால் கெழு 15. வீச்சு சுமார் 8.2 டிகிரி செல்சியஸ்.

கணக்கு எளிது, ஜூயிட்டைத் தேர்வதுதான் கடினம். ஆன்செஸ்ட்ருலாவை அடுத்த சில தலைமுறைகள் இயல்பிலேயே சிறியவை; அவற்றை விடுங்கள். வரிசை இரண்டாகப் பிரியும் இடம், ஓட்டின் வரிமேட்டில் ஏறி வளைந்தவை, முட்டைக் குமிழ் உள்ளவை, பக்கத்துக் காலனியோடு மோதி நசுங்கியவை எல்லாம் விலக்கு. இவற்றைச் சேர்த்தால் கெழு ஏறும், நிலநடுக்கோட்டுக் கடலுக்குக்கூடக் குளிர்காலம் வந்துவிடும். நல்லவற்றையெல்லாம் எண்ணிட்டு, அவற்றிலிருந்து குலுக்கலில் 20 எடுங்கள். கண் தேர்ந்தெடுத்தால் அழகானவையே வரும், வேறுபாடு குறைந்துவிடும்.

சமூகத்தை எண்ணுவது

ஒரு காலனியை ஒன்று என எண்ணுவதா, அதன் ஆயிரம் ஜூயிட்டுகளை எண்ணுவதா? படரும் இனத்துக்குக் காலனி எண்ணிக்கையும் மூடிய பரப்பும் இரண்டும் வேண்டும். பலகையின் படத்தின்மேல் 100 புள்ளி வலையை வைத்து, எத்தனை புள்ளி எந்த இனத்தின்மேல் விழுகிறது என்று எண்ணினால் சதவீதம் கிடைக்கும். நிமிர்ந்து கிளைக்கும் இனத்தில் எண்ணிக்கை ஏமாற்றும்: ஒரே புதர் உடைந்து நூற்றுக்கணக்கான துண்டுகளாகும். புதைபடிவ மாதிரியிலும் கவ்வி மாதிரியிலும் அவற்றுக்கு எடையே சரியான அளவு; படரும் இனங்களின் எண்ணிக்கையோடு ஒரே அட்டவணையில் கூட்டக் கூடாது.

எத்தனை ஓடு பார்த்தால் போதும்? பார்த்த ஓடுகளை வரிசையாக எண்ணிட்டு, ஒவ்வொன்றோடும் புதிதாகச் சேரும் இனங்களைக் கோடாக வரையுங்கள். கோடு மேலும் உயராமல் படுத்தால் நிறுத்தலாம். இதற்கு வெற்று ஓடுகளையும் சேகரித்திருக்க வேண்டும். காலனி உள்ளதை மட்டும் பொறுக்கி வந்தவரால் குடியேற்ற விகிதத்தைச் சொல்லவே முடியாது. மிகப் பரவலான பிழை இது.

இரண்டு காலனி சந்திக்கும் விளிம்பு இந்த ஆய்வின் மிகச் சுவையான இடம். மேலே ஏறியது எது, இருவரும் நின்றுவிட்டார்களா என்று ஒவ்வொரு சந்திப்பையும் எழுதுங்கள். ஆய்வாளர் மெக்கின்னி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் புதைபடிவங்களில் கைலோஸ்டோம்கள் சைக்ளோஸ்டோம்களை மூன்றில் இரண்டு பங்கு சந்திப்புகளில் வென்றிருந்தன. ஆனால் புதைபடிவத்தில் ஏறியது எல்லாமே வெற்றியன்று. கீழே இருந்தது ஏற்கெனவே செத்திருக்கலாம். விளிம்பு மேல்நோக்கி எழும்பியிருப்பது, எல்லையில் ஜூயிட்டுகள் திசைமாறி வளர்ந்திருப்பது, சிறப்பு முட்கள் முளைத்திருப்பது ஆகியவை உயிரோடு மோதியதற்கான தடயங்கள். எதுவும் இல்லையென்றால் ‘தெரியவில்லை’ என்ற பத்தியில் போடுங்கள். அந்தப் பத்தி பெரிதாக இருப்பது தவறில்லை.

பிரையோசோவாவே படுகையைக் கட்டி எழுப்பும் இடங்களும் உண்டு. நியூசிலாந்தின் டாஸ்மன் விரிகுடாவை ஒட்டிய செப்பரேஷன் பாயிண்டில் செல்லப்போரேரியா அக்ளூட்டினன்ஸ், ஹிப்போமெனெல்லா வெல்லிக்காட்டா ஆகியவற்றின் மேடுகள் இளம் மீன்களுக்குப் புகலிடமாக இருந்ததால், 1980-இல் அங்கே இழுவை மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டது. இத்தகைய படுகையில் தூர்வாரி இறக்குவது ஆய்வன்று, அழிப்பு. கேமராவை இறக்கி, அளவுகோலாக இரண்டு லேசர் புள்ளிகளைப் படத்தில் விழச்செய்து, உயரத்தையும் மூடிய பரப்பையும் படத்திலிருந்தே எடுங்கள்; பெயருக்கு ஒரு சிறு துண்டு போதும்.

படமும் பெட்டியும்

குறைந்த வெற்றிட வசதியுள்ள ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால் தங்கம் பூசாமலே பார்க்கலாம். ஓட்டோடு சேர்த்தே உள்ளே வைக்கலாம். மூல மாதிரிகளுக்கு, அதாவது ஓர் இனத்துக்குப் பெயரிட அடிப்படையாக வைத்தவற்றுக்கு, பூச்சு வேண்டாம். ஒவ்வொரு மாதிரிக்கும் முழுக் காலனி, பத்துப் பன்னிரண்டு ஜூயிட் கொண்ட பரப்பு, ஒற்றை ஜூயிட், வாய், முட்டைக் குமிழ், வளரும் விளிம்பு என ஆறு படம். ஒவ்வொன்றிலும் அளவுக்கோடு.

சிறு துண்டுகளை நுண்புதைபடிவ அட்டைத் தகட்டில் நீரில் கரையும் கோந்தால் ஒட்டுங்கள், சூப்பர் க்ளூ வேண்டாம். நாளை யாராவது அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். மரப்பெட்டியும் மலிவான அட்டையும் அமில ஆவி விடும். அதில் சுண்ணாம்புக் கூடு வெண்பொடி பூத்து உதிரும். ஈரமான கடற்கரை ஊர்களில் இன்னும் வேகமாக. நெகிழிப் பெட்டியும் அமிலமற்ற அட்டையும் சிலிக்கா ஜெல் பையும் பாதுகாப்பு.

சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு உரியும், மை ஆல்கஹாலில் கரையும். இடம், அகல நெட்டாங்கு, ஆழம் அல்லது அடுக்கு, நாள், எடுத்த முறை. அடுத்த வரியில் எதன்மேல் ஒட்டியிருந்தது, அதன் எந்த முகத்தில்.